மாமாவுக்கு டைப் அடிச்சு வெச்ச மெசேஜை அனுப்பலாமா, வேண்டாமா?

நூல்கண்டு, ஈரோடு
3 ஜூன் 2025

எனக்கு 43 வயசுங்க. ஒரு ஜவுளிக் குடோன்ல கணக்கு எழுதறேன். கேள்வி ஒண்ணுதான். ஆனா இந்தியா-பாகிஸ்தான் சண்டை நடந்துட்டிருந்த மே 8 ராத்திரியில இருந்து சொன்னாத்தான் புரியும்.

எங்க அம்மிச்சி வீட்டுச் சொந்தம் எல்லாம் சேர்ந்த வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு இருக்குது. 46 பேர். அதுல அக்கா வீட்டுக்காரரும் உண்டு. மாமா பொள்ளாச்சியில டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சிருக்கறார். எங்கப்பா போனதுக்கப்புறம் என்னோட பி.காம் மூணு வருச ஃபீஸையும் கட்டுனவர் அவர்தான். இதை முதல்லயே சொல்லிடறேன். இல்லைன்னா "பிளாக் பண்ணிட்டுப் போங்க"ன்னு நீங்க சுலபமாச் சொல்லிடுவீங்க.

அன்னைக்கு மாமா ஐபிஎல் பாத்துட்டிருந்தாராம். தர்மசாலாவுல பஞ்சாப்பும் டெல்லியும் ஆடிட்டிருந்த மேட்ச் பாதியில நின்னுச்சில்லைங்களா, அது. உடனே சேனலை மாத்தி நியூஸ் போட்டுட்டார். பதினோரு மணிக்கு மேல குரூப்ல வரிசையா விழுது. நம்ம போர்க்கப்பல் ஐஎன்எஸ் விக்ராந்த் கராச்சித் துறைமுகத்தை அடிச்சிருச்சு. இஸ்லாமாபாத் நம்ம கையில. பாகிஸ்தான் ராணுவத் தளபதி அசீம் முனீரைக் கைது பண்ணிட்டாங்க. கூடவே ராத்திரியில ஊரே எரியற மாதிரி ஒரு வீடியோ, "கராச்சி காலி"ன்னு. அதுக்குக் கீழ எங்க சித்தப்பா, பெரியம்மா பையன் எல்லாரும் கொடியும் தீபமும் போட்டுட்டு இருக்காங்க.

எனக்குத் தூக்கம் வரலை. அந்த வீடியோவை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, படத்தை வெச்சுத் தேடற கூகுள் லென்ஸ்ல போட்டேன். அமெரிக்காவுல ஃபிலடெல்பியாவுல ஜனவரி 31-ம் தேதி ஒரு சின்ன ஆம்புலன்ஸ் விமானம் விழுந்து எரிஞ்சது அது. லிங்க்கோட குரூப்ல போட்டேன். "மாமா, இது கராச்சி இல்லைங்க"ன்னு மட்டும் எழுதி நிறுத்தியிருக்கோணும். "டிவிக்காரன் சொல்றதை அப்படியே வாந்தி எடுக்காதீங்க"ன்னு ஒரு வரி சேர்த்துட்டேன். 46 பேர் முன்னால.

மாமா ஒரே கேள்விதான் கேட்டார்: "பகல்காம்ல 26 பேரைச் சுட்டப்ப நீ இவ்வளவு வேகமா லென்ஸ் போட்டியா?"

மாமாவும் அக்காவும் மே கடைசியில காஷ்மீர் போக டிக்கெட் எடுத்து வெச்சிருந்தாங்க. பகல்காம் அந்த லிஸ்ட்ல இருந்துச்சு. ஏப்ரல் 22-ல அங்க தீவிரவாதிங்க சுட்டதுக்கு அப்புறம் அக்கா ஒரு வாரம் சரியாச் சாப்பிடலைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் விடலைங்க.

மறுநாள் நான் பண்ணதுதான் பெரிய கூத்து. எக்ஸ்ல ஒரு படம் பாத்தேன். வயல்ல ஒரு போர் விமானம் நொறுங்கி எரியுது, நம்ம விமானப்படையோடதுன்னு எழுதியிருந்துச்சு. "இதையும் உங்க டிவி காட்டுமா?"ன்னு குரூப்ல போட்டேன். பத்து நிமிசத்துல அக்கா பையன் எழுதினான்: "சித்தி, இது போன செப்டம்பர்ல ராஜஸ்தான் பார்மர்ல விழுந்த மிக்-29. பழைய படம்." இன்ஜினியரிங் ரெண்டாவது வருசம் படிக்கற பையன். மாமா படத்துக்கு லென்ஸ் போட்ட எனக்கு, என் படத்துக்குப் போடத் தோணவே இல்லை. அவசரமா அழிச்சேன். மாமா அதுக்குள்ள ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டார்.

10-ம் தேதி சாயங்காலம் சண்டை நிறுத்தம்னு வந்துச்சு. அதைச் சொன்ன வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியை எக்ஸ்ல துரோகின்னு திட்ட ஆரம்பிச்சாங்க, அவர் மகளையும் இழுத்தாங்க, மனுசன் கணக்கையே பூட்டிட்டார். எங்க குரூப்லயும் ஒருத்தர் அதே வார்த்தையை எழுதினார். மாமா எழுதலை. ஆனா அதுக்கு ஒரு கட்டைவிரல் போட்டார். நான் குரூப்பை விட்டு வெளிய வந்துட்டேன்.

இப்ப விசயம். மே 31-ல முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌஹான் சிங்கப்பூர்ல ஒரு பேட்டியில நம்ம பக்கமும் விமானம் இழந்ததை ஒத்துக்கிட்டார். அன்னைக்கு ராத்திரியே மாமாவுக்குத் தனியா ஒரு மெசேஜ் டைப் பண்ணேன்: "முப்படைத் தளபதியே சொல்லிட்டார் மாமா. அவரும் துரோகிங்களா?" அனுப்பலை. மூணு நாளா அவர் பேருக்குக் கீழ பச்சையா "வரைவு"ன்னு நிக்குது.

ஆனி மாசம், கர்ப்பமா இருக்கற அக்கா மகளுக்குக் கட்டுச்சோத்து விருந்து. அக்கா கூப்பிட்டாச்சு, மாமா கூப்பிடலை. அனுப்பட்டுமா?


தார்ரோடு
3 ஜூன்

அனுப்புங்க. சொந்தம்னா பொய்யைப் பொறுத்துக்கணுமா? ஜம்மு-காஷ்மீர் எல்லையோரம் இருக்கற பூஞ்ச்ல பாகிஸ்தான் ஷெல் விழுந்து செத்துப்போன ஒரு மதரசா ஆசிரியரை நம்ம சேனல் சிலது தீவிரவாதின்னு போட்டுச்சு. கடைசியில பூஞ்ச் போலீஸ் மறுப்பு கொடுக்க வேண்டியதாப் போச்சு. அந்தக் குடும்பம் பிணத்தைப் புதைச்சுட்டு வந்து டிவியைப் பாத்திருந்தா எப்படி இருந்திருக்கும்? இதுக்கெல்லாம் உங்க மாமா மாதிரி ஆளுங்க போட்ட கட்டைவிரல்தான் தீனி. இன்னொரு பக்கம், இந்தியாவுல 8,000 கணக்குக்கு மேல முடக்கச் சொல்லி உத்தரவு வந்ததா எக்ஸ் நிறுவனமே மே 8-ல சொல்லுச்சு. கேள்வி கேட்டவன் வாயை அடைச்சுட்டு, கராச்சியை எரிச்சவனை விட்டுட்டாங்க. உங்க பழைய படம் தப்புதான். அதுக்காக வாயை மூடிக்கணும்னு இல்லை.


கோபாலபுரம் வாத்தி
3 ஜூன்

பாகிஸ்தான் அரசோட எக்ஸ் கணக்கே ஆர்மா 3 வீடியோ கேமைப் போர்க் காட்சின்னு போட்டதையும் சேர்த்துச் சொல்லுங்க தார்ரோடு. அவங்க பாதுகாப்பு அமைச்சர் குவாஜா ஆசிஃப்கிட்ட சிஎன்என்ல "விமானம் வீழ்த்தினதுக்கு ஆதாரம் எங்கே"ன்னு கேட்டதுக்கு, சோசியல் மீடியா பூரா இருக்கே, இந்திய சோசியல் மீடியாவுலயே இருக்கேன்னார். அமைச்சரே நம்ம குடும்ப குரூப் அங்கிள் மாதிரி. லென்ஸ் ரெண்டு பக்கமும் திரும்பட்டும்.


பழைய ஹவில்தார்
4 ஜூன்

வேலூர் பக்கம்மா நான். 18 வருஷம் சர்வீஸ். கார்கில் நடந்தப்ப பத்தான்கோட்ல இருந்தேன். அப்ப வீட்டுக்கு லெட்டர்தான். நாங்க 56 ஏபிஓ-ன்னு ராணுவத் தபால் விலாசம் எழுதி அனுப்புவோம். நான் உயிரோட இருக்கேன்னு வீட்டுக்குத் தெரியறதுக்குள்ள அந்தச் செய்தி பத்து நாள் பழசாயிடும். ஆனா அந்தப் பத்து நாள்ல எவனும் எங்கம்மா காதுல சைரன் ஊதல. இந்தத் தடவை என் மருமக, பையன் ஜம்முல போஸ்டிங், அவ டிவி முன்னாடியே உக்காந்திருந்தா. நியூஸ்ல பின்னாடி சைரன் சத்தம் போட்டாங்களே, ஒவ்வொரு தடவையும் திடுக்குன்னு எழுந்துக்குவா. மே 10-ம் தேதி தீயணைப்பு, சிவில் டிஃபன்ஸ் இயக்குநரகமே சேனலுக்கெல்லாம் சொல்லிச்சு, அந்தச் சத்தத்தைப் போடாதீங்க, நெஜமா ஊதும்போது ஜனங்க கண்டுக்காமப் போயிடுவாங்கன்னு. அதுவரைக்கும் நாங்க வால்யூமை மூடிட்டு எழுத்தை மட்டும் படிச்சோம்.

உன் மெசேஜ் விஷயத்துக்கு வர்றேன். அனுப்பாதே. காரணம் உறவு இல்லை. நீ எழுதினது பாதி. சௌஹான் எத்தனைன்னு சொல்லல. ஆறு விமானத்தை வீழ்த்தினோம்னு பாகிஸ்தான் சொல்றது சுத்தமாத் தப்புன்னு அதே பேட்டியில சொன்னார். எத்தனை விழுந்துச்சுங்கறதை விட ஏன் விழுந்துச்சுங்கறதுதான் முக்கியம்னார். தப்பைக் கண்டுபிடிச்சுத் திருத்தி, ரெண்டு நாள் கழிச்சு எல்லா விமானத்தையும் மறுபடி பறக்க விட்டோம்னார். இதை எல்லாம் வெட்டிட்டு "இழந்தோம்"ங்கறதை மட்டும் நீ அனுப்பினா, உன் மாமா மிச்சத்தை அனுப்புவார். மறுபடி ஸ்க்ரீன்ஷாட்.

இன்னொண்ணு. மே 11 பிரஸ் மீட்லயே நம்ம விமானப்படை ஏர் மார்ஷல் ஏ.கே. பார்தி இழப்பு போரோட ஒரு பகுதின்னும், நம்ம பைலட் எல்லாரும் வீடு திரும்பிட்டாங்கன்னும் சொன்னார். பட்டாளத்துல இருந்தவனுக்கு அப்பவே விளங்கிப்போச்சு. சண்டை நடக்கும்போது நம்பர் சொல்லமாட்டாங்க, எந்த நாட்டுலயும். சொல்லாம இருக்கறது வேற, பொய் சொல்றது வேற. டிவிக்காரன் பண்ணது ரெண்டாவது.


நைட் ஷிஃப்ட்
4 ஜூன்

அக்கா, நான் ஒரு தமிழ் நியூஸ் சேனல் டெஸ்க்ல இருந்தேன். போன மாசக் கடைசியில விட்டுட்டேன். பேர் வேணாம். மே 8 ராத்திரி நான் ட்யூட்டி.

வெளிய இருந்து பாக்கறவங்க, ஏதோ ரூம்ல உக்காந்து பொய் தயாரிக்கறாங்கன்னு நினைக்கறாங்க. எங்க டெஸ்க்ல அப்படி இல்ல. எதிர்ச் சுவத்துல பன்னெண்டு டிவி ஓடும், ஹிந்தி நாலு, இங்கிலீஷ் மூணு, மிச்சம் நம்ம போட்டி சேனல். ஹிந்திக்காரன் சிவப்புல ஒண்ணு போட்டான்னா அடுத்த நிமிஷம் மேல இருந்து போன்: "அவன்கிட்ட இருக்கு, நம்மகிட்ட ஏன் இல்ல?" கடற்படை ஏதாவது சொல்லிச்சான்னு கேக்க நேரம் இல்ல. "தகவல்கள் தெரிவிக்கின்றன"ன்னு முடிச்சு ஸ்க்ரோல்ல விட்டுடுவோம். இப்ப நம்ம ஸ்க்ரோலைப் பாத்து இன்னொரு சேனல் போடுவான். அதைக் காட்டி மேல இருக்கறவர் "பாத்தியா, எல்லாரும் போட்டுட்டாங்க"ன்னுவார். எந்தச் சேனலை எத்தனை பேர் பாத்தாங்கன்னு வாராவாரம் வர்ற பார்க் ரேட்டிங்ல "நிதானமா இருந்தான்"னு ஒரு கட்டம் கிடையாது.

உங்க மாமா பக்கம் ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் கராச்சி போர்ட் டிரஸ்ட்டோட எக்ஸ் கணக்குலயே துறைமுகத்துக்குப் பெரிய சேதம்னு ஒரு பதிவு வந்துச்சு. அப்புறம் கணக்கை ஹேக் பண்ணிட்டாங்க, துறைமுகம் வழக்கம்போல இயங்குதுன்னாங்க. அந்தப் பதிவைப் பாத்தப்ப, "வெயிட் பண்ணலாம் சார்"னு அதுவரைக்கும் சொல்லிட்டிருந்த நானே ஆடிப்போயிட்டேன். பொள்ளாச்சியில கடை சாத்திட்டு வந்து டிவி போட்டவர் என்ன பண்ணுவார்? அடுத்த நாள் ஒரு ஹிந்தி சேனல்ல அறிவிப்பாளர் மன்னிப்புக் கேட்டாங்க. ராத்திரி பூரா ஓடினதுக்குக் காலையில சில நொடி. உங்க மாமா அந்த நொடியில டிவி பாத்திருக்க வாய்ப்பே இல்ல.

சண்டை போட ஆசைன்னா "நீங்க பொய் சொல்றீங்க"ன்னு ஆரம்பிக்காதீங்க. "யார் சொன்னதா போட்டாங்க மாமா?"ன்னு கேளுங்க. கடற்படையா, அமைச்சகமா, இல்ல வெறும் "தகவல்கள்"ஆ. எங்க டெஸ்க்ல யாராவது இதைக் கேட்டா ரூமே அமைதியாயிடும்.


தார்ரோடு
4 ஜூன்

ஹவில்தார் ஐயா சொன்ன பேட்டியை முழுசாப் பாத்தேன். சரி, நான் சொன்ன "அனுப்புங்க"வை வாபஸ் வாங்கிக்கறேன். பூஞ்ச் விஷயத்தை வாங்கலை.


நூல்கண்டு, ஈரோடு
7 ஜூன்

எல்லாருக்கும் நன்றிங்க. ஹவில்தார் ஐயா சொன்னதுக்கப்புறம் பேட்டியை ரெண்டு தடவை பாத்தேன். நான் டைப் பண்ண வரியில அவர் சொன்னதுல கால்வாசி கூட இல்லை. ஏன்னா நான் அந்தத் தலைப்பைப் படிச்சதும் மாமா மூஞ்சி எப்படி மாறும்னுதான் நினைச்சேன், பேட்டியைப் பத்தி நினைக்கவே இல்லை. வாத்தியார் சொன்ன ஆர்மா 3 கணக்கா என்னதும் ஒரு கேம்தான்.

நேத்து அக்காவுக்குப் போன் பண்ணேன். மாமாதான் எடுத்தார். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. நைட் ஷிஃப்ட் தம்பி சொன்ன கேள்வியைக் கேட்டுப் பாக்கலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள அவரே, "அந்தப் பிளேன் போட்டோ இன்னும் என் போன்ல இருக்குது"ன்னார். "இருக்கட்டுங்க மாமா. கராச்சி வீடியோ என் போன்ல இருக்குது"ன்னேன். சிரிச்ச மாதிரி இருந்துச்சு, இருமலாவும் இருக்கலாம். போனை அக்காகிட்ட கொடுத்துட்டார்.

ஏழு வகைச் சோறு கட்டோணுமாம். புளிச்சோறு என் பொறுப்பு, 60 பேருக்கு. மாமாவுக்கு என் கைப் புளிச்சோறு பிடிக்கும்னு அக்கா சொல்லிச்சு, மாமா சொல்லச் சொன்னாரான்னு நான் கேக்கலை. பழைய குரூப்ல திரும்பச் சேர்க்கட்டுமான்னு அக்கா பையன் கேட்டான். விருந்து முடியட்டும்னு சொல்லியிருக்கேன்.

வரைவு இன்னும் அங்கயேதான் நிக்குதுங்க. அனுப்பவும் இல்லை, அழிக்கவும் மனசு வரலை.