புதுப்பிப்பு: லைட்வெயிட் ஈ-டைப், ஒரு திருத்தம்

போன வாரம் ஜாகுவார் ஈ-டைப் ஸ்போர்ட்ஸ் காரின் 1963 லைட்வெயிட் (எடை குறைத்த பந்தய) ரகத்தைப் பற்றி எழுதும்போது, மேல்தகடு மட்டும்தான் அலுமினியம் என்று அடித்துவிட்டிருந்தேன். தப்பு. உள்கூடும் அலுமினியம்தான், 3.8 லிட்டர் இன்ஜினின் பிளாக்கும்கூட. சாதா ஈ-டைப்பில் பிளாக் வார்ப்பிரும்பு. மொத்தத்தில் சுமார் 114 கிலோ இறங்கியது.

இந்தக் காரில் டிரை சம்ப் (ஆயிலை இன்ஜினுக்கு அடியில் தேக்காமல் தனி டேங்கில் வைக்கும் முறை) எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். சாதா இன்ஜினில், வளைவில் வேகமாகத் திரும்பினால் அடிச்சட்டியில் இருக்கும் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும், பேரிங் போய்விடும். அதனால்தான் ஆயிலுக்குத் தனி டேங்க். எனக்கு இந்தக் காரில் ரொம்பப் பிடித்ததே இதுதான்.

இன்னொன்று: லைட்வெயிட் கார்கள் திட்டமிட்டது 18, அப்போது கட்டியது 12. விட்டுப்போன ஆறையும் செய்யப்போவதாக 2014இல் ஜாகுவார் அறிவித்தது. ஐம்பது வருஷ பாக்கி!