மறுமொழி: 'அகல உடல்' வேண்டாம், 'விரிதோள்' என்போமா?

அன்பின் நண்பர்களுக்கு,

கார்களைப் பற்றிய 'wide-body', 'narrow-body' என்ற சொற்களுக்குத் தமிழாக நம் கலைச்சொல் பட்டியலுக்கு அண்ணன் முன்வைத்த 'அகல உடல்', 'குறுகிய உடல்' இரண்டையும் பல தடவை சொல்லிப் பார்த்தேன். எனக்கு ஒட்டவில்லை.

விமானத்துக்கு 'அகல உடல்' சரி. அங்கே உடலே அகலம், உள்ளே நடக்க இரண்டு வழி இருக்கும். போர்ஷே 911 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் அப்படியில்லை. அதன் 991 என்ற தலைமுறையில், பின்சக்கரங்களால் உந்தப்படும் கரேரா என்ற அடிப்படை வகையின் அகலம் 1,808 மில்லிமீற்றர். நான்கு சக்கரங்களாலும் உந்தப்படும் கரேரா 4க்கு 1,852. பக்கத்துக்கு 22தான் கூடுதல், அதுவும் பின் மட்காட்டில். உள்ளே அதே இருக்கை, அதே இடம். 'அகல உடல்' என்று வாசிப்பவர் உள்ளே தாராளமாக உட்காரலாம் என்று நினைத்துவிடுவார்.

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் ஓட்டியவர்களுக்கு இது உடனே விளங்கும். எதிரே பஸ் வந்தால் ஓரம் கட்டுவோம். முன்பக்கம் தப்பிவிடும், பின்சக்கரம் ஓரத்துக் கானுக்குள் (வடிகாலுக்குள்) இறங்கிவிடும். போன மழைக்காலத்தில் எனக்கே நடந்தது. பின்பக்கம் எவ்வளவு புடைத்து நிற்கிறது என்பதைத்தான் ஓட்டுபவர் அறிய வேண்டும். அந்தப் புடைப்பு பார்வைக்குத் தோள் போலவே இருக்கிறது. ஆகவே 'விரிதோள்'. வினைத்தொகை என்பதால் தொழிற்சாலையில் விரிந்து வந்த தோளுக்கும் பிறகு விரிக்கப்பட்ட தோளுக்கும் பொருந்தும்.

மற்றச் சொல்தான் கஷ்டம். 'குறுகிய' என்றால் நீளம் குறைந்த கார் என்றும் படும். 'ஒடுங்கிய பாதை' என்பது நமக்குப் பழக்கம்தான், ஆனால் இந்தக் காரை யாரும் ஒடுக்கவில்லையே! அப்புறம், அடுத்த தலைமுறையான 992இல் சாதாரண கரேராவே 1,852 ஆகிவிட்டது, டர்போ என்ற வகை 1,900. முந்திய தலைமுறையில் அகலம் என்ற அதே அளவை இப்போது ஒடுக்கம் என்பதா? அந்தந்தத் தலைமுறையின் அடிப்படை அகலம் அது. 'இயல்தோள்' என்றால் எந்தத் தலைமுறைக்கும் நிற்கும்.

ஒல்லியான வடிவத்தை விரும்பியே வாங்குகிறவர்களுக்கு 'இயல்தோள்' அந்த அழகைச் சொல்லாது என்று தங்கை எழுதியது நியாயம். அதைக் கட்டுரையில் 'ஒல்லியான' என்றே வர்ணிக்கலாம். கலைச்சொல் எதனோடு எதை ஒப்பிடுகிறோம் என்று காட்டினால் போதும்.

பட்டியலில் இந்த எடுத்துக்காட்டோடு சேர்க்கலாமா: '991இல் கரேரா இயல்தோள், கரேரா 4 விரிதோள்.'