ஆயா பாடும் தாலாட்டு: சின்ன மிக்சரில் இரண்டு குரலும் ஒன்றாக விழுகிறதே?

பள்ளத்தூர்க்காரி:
எங்கள் ஆயாவுக்கு (பாட்டிக்கு) எண்பதைத் தாண்டிவிட்டது. தாலாட்டும் நலுங்குப் பாட்டும் மனப்பாடமாக இருக்கின்றன. எழுதி வைத்தது ஒன்றும் இல்லை. நடுவில் மறந்துவிட்டால் அடி எடுத்துக் கொடுக்க அவர் தங்கை, எங்கள் சின்ன ஆயா, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பல மைக்குகளின் சத்தத்தைக் கலந்து தரும், யூஎஸ்பி உள்ள சின்ன மிக்சரில் ஆளுக்கொரு மைக் கொடுத்து, லேப்டாப்பில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் வழியாகப் பதிகிறேன். கடைக்காரர் ஆறு சேனல் என்று சொல்லித்தான் கொடுத்தார். ஆனால் பதிவில் இருவர் குரலும் பிரிக்க முடியாமல் கலந்து விழுகிறது. சின்ன ஆயா அடி எடுத்துக் கொடுப்பதுதான் பாட்டைவிட ஓங்கிக் கேட்கிறது! அடியில் ஓயாத ஓர் இரைச்சல் வேறு. வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்துப் பக்கம், உட்கார்ந்தால்தான் ஆயாவுக்குப் பாட்டு வரும். அங்கேயோ எதிரொலி தாங்கவில்லை. மிக்சரை மாற்ற வேண்டுமா?

மதுரைவாசி:
திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு மைக்தான் என்றால் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போன்ற ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) போதும். ஒவ்வொரு மைக்கும் தனித்தனித் தடமாகவே பதிவாகும்.

தேவகோட்டை மைக்செட்:
மதுரைத் தம்பி சொல்வது சரிதான். ஆனால் கையில் இருப்பதை வைத்தே வேலை நடக்கும்போது எதற்குச் செலவு? ஆறு சேனல் என்பது உள்ளே நுழையும் கணக்கு. இந்த விலை மிக்சர்களில் பெரும்பாலானவை யூஎஸ்பி வழியாகக் கணினிக்கு அனுப்புவது இடது, வலது என்று இரண்டே தடம். யமஹா எம்ஜி10எக்ஸ்யு பத்துச் சேனல் மிக்சர். அதிலும் இதே கதைதான். எல்லாச் சேனலும் தனித்தனியாக வேண்டுமென்றால் டாஸ்காம் மாடல் 12 மாதிரிப் பெரிய விலைக்குப் போக வேண்டும்.

உங்களுக்கு இரண்டு குரல், இரண்டு தடம். பெரிய ஆயா சேனலில், சத்தத்தை இடம் வலமாகத் தள்ளும் பேன் திருகை முழுக்க இடப்பக்கம் தள்ளுங்கள், சின்ன ஆயாவுடையதை முழுக்க வலப்பக்கம். ஆடாசிட்டியில் மோனோ (ஒற்றைத் தடம்) என்று இருந்தால் ஸ்டீரியோ (இடது, வலது இரட்டைத் தடம்) ஆக்கிப் பதியுங்கள். பிறகு தடத்தின் மெனுவில் ஸ்டீரியோவை இரண்டு மோனோவாகப் பிரித்துவிட்டால் சின்ன ஆயாவின் குரலை வேண்டிய மட்டும் குறைத்துக்கொள்ளலாம். ஒருவர் மைக்கில் மற்றவர் குரல் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் என்றால், மைக்குக்கும் மைக்குக்கும் குறைந்தது மூன்று சாண் விடுங்கள்.

பாட்டின் உச்சமான அடியை ஒருமுறை பாடச் சொல்லி, சத்தம் எல்லை மீறுவதைக் காட்டும் பீக் விளக்கு மினுக்கும் வரை கெயினை (மைக் சத்தத்தைக் கூட்டும் திருகை) திருகிவிட்டு அங்கிருந்து நன்றாக இறக்குங்கள். அடித்தள உறுமலை வெட்டும் லோ கட் பொத்தான் இருந்தால் அமுக்கிவிடுங்கள். குரலின் கனத்தையும் கூர்மையையும் மாற்றும் ஈக்யூ திருகுகள் மூன்றும் நடுவிலேயே நிற்கட்டும். எஃபெக்ட் பக்கம் கையே வைக்காதீர்கள். மிக்சரில் போட்ட எதிரொலி பதிவோடு சேர்ந்துவிடும். பிறகு யாராலும் உரித்தெடுக்க முடியாது.

இரைச்சலுக்கு முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் தகராறுதான். பழைய வீடுகளில் பாதி பிளக்குகளில் எர்த்தே இருக்காது. லேப்டாப்பையும் மிக்சரையும் எர்த் உள்ள ஒரே பிளக்கில், ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் மாட்டுங்கள். இரைச்சலுக்குப் பயந்து எர்த் முனையை மட்டும் உடைத்துவிடாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

எதிரொலிக்கு மிக்சர் என்ன செய்யும்? கீழே ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் கண்ணாடி போலத் தேய்த்த சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை. போன சத்தம் அத்தனையும் திரும்பி வரும். வளவை ஒட்டிய அறை ஒன்றில் உட்கார்த்தி, தரையில் ஜமுக்காளம் விரித்து, பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் கொடி கட்டிக் கனத்த போர்வைகளைத் தொங்கவிடுங்கள். கதவைத் திறந்து வைத்தால் ஆயாவுக்கு வளவு கண்ணில் படும், அது போதும். ஏவி. மெய்யப்பன் 1940களில் ஸ்டூடியோ நடத்தியது நம் காரைக்குடியில்தான். சத்தம் பிடிப்பது இந்த மண்ணுக்குப் புதிதா என்ன!

பள்ளத்தூர்க்காரி:
மிக்க நன்றி அண்ணே. சார்ஜரை எடுத்ததும் இரைச்சல் நின்றது. குரல்களும் பிரிந்துவிட்டன. அறைக்கு வர மாட்டேன் என்றவர், மடியில் கொள்ளுப்பேரனைப் போட்டதும் வந்துவிட்டார். இப்போது புதிதாக ஒன்று: குழந்தையைத் தட்டிக்கொண்டே பாடுவதால் ஒவ்வொரு தட்டுக்கும் வளையல் கிலுங்குகிறது. கழற்ற மறுக்கிறார். நான் வைத்திருப்பது சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக். டைனமிக் மைக் வாங்கினால் குறையுமா?

தேவகோட்டை மைக்செட்:
ஓரளவு குறையும். டைனமிக் மைக்கை வாய்க்கு நாலு விரல் நெருக்கி வைத்தால் சுற்றுச் சத்தம் அடங்கும். கெயினைக் கூட்ட வேண்டியிருக்கும், கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ட் பொத்தான் தேவைப்படாது. ஆனால் என்னைக் கேட்டால் வளையலை விட்டுவிடுங்கள். தாலாட்டுக்குத் தாளமே அந்தத் தட்டுதான். வரிகள் மட்டும் தெளிவாக வேண்டுமென்றால், குழந்தை தூங்கிய பிறகு தட்டாமல் ஒருமுறை சொல்லச் சொல்லித் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். சத்தத்தைச் சுருக்கும் எம்பி3 வேண்டாம், சுருக்காத வேவ் கோப்பாகச் சேமியுங்கள். லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று.