டெபியன் 13-க்கு மாறிய பின் ஒக்குலர் திறந்தவுடன் மூடிக்கொள்கிறது

சுவடிப்பெட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகசாலையில் பழைய சிற்றிதழ்களையும் ஆண்டு மலர்களையும் ஸ்கேன் செய்து பிடிஎஃப் கோப்புகளாகச் சேர்த்து வருகிறோம். அந்தப் பணிக்கான மேசைக் கணினியில் டெபியன் 12 என்னும் லினக்ஸ் இயங்குதளமும் கேடிஇ பிளாஸ்மா என்னும் திரைச்சூழலும் இருந்தன. அண்மையில் அதை டெபியன் 13-க்கு மேம்படுத்தினோம். பிழைச் செய்தி எதுவும் வராமல் மேம்படுத்தல் முடிந்தது. கணினியும் ஒழுங்காகத் தொடங்குகிறது. ஆனால் அன்றிலிருந்து, பிடிஎஃப் கோப்புகளைப் பார்க்க உதவும் ஒக்குலர் செயலி நிலைப்பதில்லை. கோப்பைத் திறக்கச் சொன்னால் சுட்டியின் அருகில் அதன் சின்னம் சற்று நேரம் துள்ளுகிறது. பிறகு ஒன்றும் நிகழ்வதில்லை. சாளரமும் வருவதில்லை, 'செயலி முறிந்துவிட்டது' என்று கேடிஇ வழக்கமாகக் காட்டும் பெட்டியும் வருவதில்லை.

எங்கள் வேலைமுறையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் செய்த பக்கங்களை அடுக்கி, இதழின் பெயர், ஆண்டு முதலியவற்றைப் பதிந்து வைப்பதற்கு விலை கொடுத்து வாங்கிய ஒரு செயலி இருக்கிறது. அது டெபியன் களஞ்சியத்தில் இல்லாதது. தயாரித்தவர்கள் கொடுத்த நிறுவியின் வழியாக நிறுவப்பட்டது. அதில் 'பார்' என்னும் பொத்தானை அழுத்தினால் ஒக்குலர் திறக்கும். தன்னார்வலர்கள் பிழைகளை ஒக்குலரிலேயே மஞ்சள் குறியிட்டுக் குறிப்பெழுதி வைப்பார்கள். டால்ஃபின் கோப்பு மேலாளரிலிருந்து திறந்தபோது ஓரிரு முறை ஒக்குலர் சரியாகவே வந்தது என்பதால், இது எப்போது வரும், எப்போது வராது என்று கணிக்க முடியாத பழுதாக எனக்குத் தோன்றுகிறது. கோப்பு பெரியதா சிறியதா என்பதில் வேறுபாடு இல்லை.

பல மாதக் குறிப்புகள் அந்தக் கோப்புகளில் இருப்பதால், எதையும் அழிப்பதற்கு முன் உங்கள் அறிவுரையைக் கேட்க விரும்புகிறேன்.

---

வடகரை எழுதியது:

வணக்கம். டெபியன் 12-இல் இருந்த ஒக்குலர், சாளரச் செயலிகளை எழுதப் பயன்படும் கியூட்டி என்ற கருவித்தொகுப்பின் 5-ஆம் பதிப்பைச் சார்ந்தது. 2024 பிப்ரவரியில் வெளியான 24.02 பதிப்பிலிருந்து அது கியூட்டி 6-க்கு மாறிவிட்டது. ஆகவே பழைய அமைப்புக் கோப்புகள் புதிய பதிப்புக்கு ஒத்துவராமல் இருக்க வாய்ப்பு உண்டு. முகப்பு அடைவில் மறைந்திருக்கும் கான்ஃபிக் அடைவினுள் ஒக்குலர் ஆர்சி, ஒக்குலர் பார்ட் ஆர்சி என இரு கோப்புகள் இருக்கும். அவற்றின் பெயரை மாற்றிவிட்டு மீண்டும் திறந்து பாருங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் லோக்கல் ஷேர் என்பதன் கீழ் உள்ள ஒக்குலர் அடைவையும் நீக்கிவிட்டு, தொகுப்பை மறுபடி நிறுவுங்கள். மேம்படுத்தலுக்குப் பிறகு பாதியில் நின்ற தொகுப்புகள் உள்ளனவா என்று டிபிகேஜி கட்டளையின் ஆடிட் தெரிவைக் கொண்டு பார்ப்பதும் நல்லது.

---

முனையம் எழுதியது:

வடகரை அவர்கள் சொன்னதில் முதற்பகுதியை மட்டும் செய்யலாம். பெயர் மாற்றிய கோப்பைத் திரும்பக் கொண்டுவர முடியும். ஆனால் லோக்கல் ஷேர் அடைவில் உள்ள ஒக்குலர் அடைவைத் தயவுசெய்து தொடாதீர்கள். அதனுள் டாக்டேட்டா என்றோர் உள்ளடைவு இருக்கிறது. 2017 டிசம்பரில் வந்த 17.12 வெளியீட்டுக்கு முன்பு, ஒக்குலரில் எழுதிய குறிப்புகள் இயல்பாக பிடிஎஃப் கோப்புக்குள் போகாமல் இந்த அடைவில் தனி எக்ஸ்எம்எல் கோப்புகளாகத்தான் தங்கின. அதன் பின்னர் 'சேமி' கொடுத்தால் பிடிஎஃப்-க்குள்ளேயே எழுதப்படுகின்றன. உங்கள் குறிப்புகளில் எவை பழைய முறையில் இருக்கின்றன என்று தெரியாதவரை அந்த அடைவு உங்கள் தன்னார்வலர்களின் உழைப்பு என்றே கொள்ளுங்கள். ஒவ்வொரு எக்ஸ்எம்எல் கோப்பும் மூலக் கோப்பின் பருமனையும் பெயரையும் சேர்த்தே பெயரிடப்பட்டிருப்பதால், பிடிஎஃப்-ஐ வேறொரு செயலியில் திறந்து சேமித்தாலும்கூடத் தொடர்பு அறுந்துவிடும். எதற்கும் முன்பாக அதற்கு ஒரு நகல் எடுத்து வெளி வட்டில் வையுங்கள்.

இனி பழுதைப் பார்ப்போம். நீங்கள் எழுதியதில் இரண்டு செய்திகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒன்று, முறிவைத் தெரிவிக்கும் பெட்டி வரவில்லை என்பது. ஒக்குலர் ஓடத் தொடங்கிய பின் நினைவகப் பிழையால் விழுந்திருந்தால் பெரும்பாலும் அந்தப் பெட்டி வந்திருக்கும். அது வரவில்லையென்றால், ஒக்குலரின் சொந்த நிரல் ஒரு வரிகூட ஓடுவதற்கு முன்பே, அதற்கு வேண்டிய லைப்ரரிகளை (பல செயலிகள் பகிர்ந்துகொள்ளும் நிரல் கோப்புகளை) நினைவகத்தில் ஏற்றும் கட்டத்திலேயே நின்றுவிட்டிருக்கலாம். அப்படியானால் அமைப்புக் கோப்புகளை மாற்றுவதால் பயன் இல்லை. அவற்றைப் படிக்கும் இடம் வரைக்கும் ஒக்குலர் வருவதே இல்லை.

மற்றொன்று, டால்ஃபினிலிருந்து திறந்தபோது வந்தது என்பது. இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். கீழ்க்கண்டவற்றைச் செய்து, கிடைப்பதை அப்படியே இங்கே எழுதுங்கள். முதலில் கான்சோல் முனையத்தைத் திறந்து ஒக்குலர் என்று மட்டும் தட்டச்சு செய்து பாருங்கள். அடுத்து, உங்கள் ஸ்கேன் செயலியைப் பட்டியிலிருந்து தொடங்காமல் அதே முனையத்திலிருந்து தொடங்கி, 'பார்' பொத்தானை அழுத்துங்கள். பட்டியிலிருந்து தொடங்கும்போது கண்ணில் படாமல் போகும் செய்திகள் முனையத்தில் அச்சாகும். பல வரிகள் வந்தாலும் முதல் வரியை விட்டுவிடாதீர்கள். காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

---

சுவடிப்பெட்டி எழுதியது:

விரிவான விளக்கத்துக்கு மிக்க நன்றி. டாக்டேட்டா அடைவை நகலெடுத்துவிட்டோம். அதில் பழைய குறிப்புகள் பல இருப்பது உண்மைதான்.

முனையத்தில் நேரடியாக அழைத்தால் ஒக்குலர் ஒவ்வொரு முறையும் திறக்கிறது. டால்ஃபினிலிருந்தும் தவறாமல் திறக்கிறது. ஸ்கேன் செயலியின் 'பார்' பொத்தானை அழுத்தினால் மட்டும் ஒருமுறைகூடத் திறப்பதில்லை. அப்போது முனையத்தில் வரும் செய்தியின் சாரம் இது: ஸ்கேன் செயலியின் நிறுவல் அடைவில் உள்ள லிப்எஸ்டிடிசி++ என்ற கோப்பில் 'ஜிஎல்ஐபிசிஎக்ஸ்எக்ஸ் 3.4.32' என்னும் பதிப்பு காணப்படவில்லை, அது ஒக்குலருக்கு வேண்டிய ஒரு லைப்ரரிக்குத் தேவைப்படுகிறது. ஒக்குலர் ஏன் இன்னொரு செயலியின் அடைவுக்குள் போய்த் தேடுகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. அதே செயலியிலிருந்து படங்களைப் பார்க்க க்வென்வியூவை அழைத்தாலும் இதே செய்திதான் வருகிறது.

---

முனையம் எழுதியது:

க்வென்வியூவும் நிற்கிறது என்று சொன்னது பெரிய உதவி. பழுது ஒக்குலரிலும் இல்லை, டெபியனிலும் இல்லை என்பது இதனால் உறுதியாகிறது.

உங்கள் ஸ்கேன் செயலி, எந்த லினக்ஸிலும் ஓட வேண்டும் என்பதற்காகத் தனக்கு வேண்டிய லைப்ரரிகளைத் தன்னுடனேயே சுமந்து வருகிறது. அதில் தவறில்லை. ஆனால் அவற்றைக் கண்டெடுப்பதற்கு, அதன் தொடக்க ஸ்கிரிப்ட் எல்டி லைப்ரரி பாத் என்னும் சூழல் மாறியில் தன் அடைவின் பெயரை எழுதிவிடுகிறது என்று கருதுகிறேன். சூழல் மாறி என்பது தாய்ச் செயலியிடமிருந்து அது தொடங்கும் ஒவ்வொரு சேய்ச் செயலிக்கும் வழிவழியாகப் போய்ச் சேருவது. ஆகவே 'பார்' பொத்தானால் பிறக்கும் ஒக்குலரும் அந்த மாறியோடுதான் பிறக்கிறது. லினக்ஸின் லைப்ரரி ஏற்றியோ, கணினியின் பொது அடைவுகளைப் பார்ப்பதற்கு முன்பே இந்த மாறி காட்டும் அடைவைத்தான் பார்க்கும். அங்கே லிப்எஸ்டிடிசி++ என்னும் சி++ மொழி லைப்ரரியின் பழைய நகல் கண்ணில் பட்டதும் அதையே எடுத்துக்கொள்கிறது. டால்ஃபினிலிருந்து திறக்கும்போது அந்த மாறி இல்லை; அதனால் சரியாகத் திறக்கிறது.

நேற்று வரை ஓடியது மேம்படுத்தலுக்குப் பின் ஏன் நின்றது என்று நீங்கள் கேட்கக்கூடும். இந்தக் கோளாறு முன்பும் இருந்தது; வெளியே தெரியவில்லை. டெபியன் 12-இன் செயலிகள், மூல நிரலை இயங்கும் கோப்பாக மாற்றும் ஜிசிசி என்ற கருவியின் 12-ஆம் பதிப்பால் உருவாக்கப்பட்டவை. அதன் லிப்எஸ்டிடிசி++, ஜிஎல்ஐபிசிஎக்ஸ்எக்ஸ் 3.4.30 வரையிலான குறியீடுகளை (செயற்கூறுகளின் பெயர்களை) கொண்டது. ஸ்கேன் செயலி சுமந்து வந்த நகலும் ஏறக்குறைய அதே காலத்தது என்றால், ஒக்குலர் அதனுடன் ஒத்துப்போயிருக்கும். டெபியன் 13 ஜிசிசி 14-ஐப் பயன்படுத்துகிறது. ஜிசிசி 13-இல் தொடங்கி, சி++ மொழியின் ஐஓஸ்ட்ரீம் தலைப்பைச் சேர்த்துக்கொள்ளும் நிரல்கள் அதைத் தயார்செய்யும் ஒரு புதிய செயற்கூறைக் கோருகின்றன. அந்தச் செயற்கூறு 3.4.32 என்ற பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. பழைய நகலில் அது எப்படி இருக்கும்? பதிப்புப் பொருத்தம் ஏற்றும்போதே சரிபார்க்கப்படுவதால் ஒக்குலர் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. முறிவுப் பெட்டி வராததும் இதனால்தான்.

என் ஊகத்தைச் சரிபார்க்க, ஸ்கேன் செயலி ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் செயல் எண்ணைக் கண்டறிந்து, ப்ராக் அடைவில் அந்த எண்ணின் கீழ் இருக்கும் என்விரான் கோப்பைப் படித்துப் பாருங்கள். அந்த மாறி அதில் தெரிய வேண்டும்.

தீர்வுக்கு வருகிறேன். செயலியின் அமைப்புகளில் 'வெளிப் பார்வைச் செயலி' போன்ற ஓர் இடம் இருந்து, அங்கே ஒக்குலரின் பாதை எழுதப்பட்டிருந்தால், அதற்குப் பதிலாக ஒரு சிறு ஷெல் ஸ்கிரிப்டின் பாதையைக் கொடுங்கள். அதில் மூன்று வரிகள் போதும்: முதல் வரி ஷெல்லைக் குறிக்கும் வழக்கமான வரி, அடுத்தது, அன்செட் கட்டளையால் எல்டி லைப்ரரி பாத் மாறியை நீக்கும் வரி, கடைசியாக, எக்ஸெக் கட்டளையால் ஒக்குலரை அழைத்து, தனக்கு வந்த கோப்புப் பெயர்களை அப்படியே அதற்குக் கடத்தும் வரி. கடத்தும்போது இரட்டை மேற்கோள் குறி இடுவதை மறக்க வேண்டாம். இதழின் பெயரையும் மாதத்தையும் இடைவெளி விட்டு எழுதும் வழக்கம் உங்களுக்கு இருக்குமானால், மேற்கோள் குறி இல்லாத நிலையில் ஒரே கோப்பை இரண்டு மூன்று கோப்புகளாக ஒக்குலர் எண்ணிக்கொள்ளும். க்வென்வியூவுக்கும் இதே போல் ஒன்று எழுதுங்கள்.

இணையத்தில் தேடினால், பழைய லிப்எஸ்டிடிசி++ கோப்பைக் கணினியின் பொது அடைவில் கொண்டுபோய் வைக்கச் சொல்லும் குறிப்புகளும் அகப்படும். அதைச் செய்தால் ஒரு செயலியோடு நின்ற பழுது கணினி முழுவதும் பரவிவிடும். தயவுசெய்து அந்த வழிக்குப் போக வேண்டாம்.

---

வடகரை எழுதியது:

தெளிவான விளக்கம். டாக்டேட்டா பற்றிய எச்சரிக்கையும் தேவையானதே. ஒரு மாற்று வழியையும் சேர்த்துச் சொல்கிறேன். லிப்எஸ்டிடிசி++ பின்னோக்கிய பொருத்தத்தைக் காப்பது. புதிய பதிப்பு பழைய குறியீடுகளையும் தாங்கியே வருகிறது. ஆகையால் ஸ்கேன் செயலியின் அடைவில் உள்ள அந்த ஒரு கோப்பின் பெயரை மாற்றிவிட்டால், செயலி கணினியின் புதிய நகலைக் கொண்டே ஓடக்கூடும். ஆனால் அந்தச் செயலி அடுத்த முறை புதுப்பிக்கப்படும்போது பழைய கோப்பு திரும்ப வந்துவிடும் என்பதால், ஸ்கிரிப்ட் வழிதான் நிலையானது.

---

சுவடிப்பெட்டி எழுதியது:

என்விரான் கோப்பில் நீங்கள் சொன்ன மாறி, செயலியின் அடைவோடு அப்படியே இருந்தது. அமைப்புகளில் பார்வைச் செயலிக்கான இடமும் இருந்தது. ஸ்கிரிப்டை எழுதி, இயக்கும் அனுமதி கொடுத்து, அதன் பாதையை அங்கே இட்டோம். 'பார்' பொத்தான் இப்போது ஒக்குலரைத் திறக்கிறது, க்வென்வியூவும் திறக்கிறது. பழைய குறிப்புகள் உள்ள கோப்பு ஒன்றைத் திறந்தபோது, அவற்றை ஆவணத்துக்குள் சேமித்துக்கொள்ளும்படி ஒக்குலரே அறிவுறுத்தியது. ஒவ்வொன்றாக அப்படிச் சேமிக்கத் தொடங்கியிருக்கிறோம். உங்கள் இருவருக்கும் எங்கள் வாசகசாலையின் நன்றி.

இதைக் கேடிஇ-யின் வழுப் பதிவேட்டில் தெரிவிக்க வேண்டுமா?

---

முனையம் எழுதியது:

வேண்டாம், கேடிஇ-யினர் திருத்துவதற்கு இதில் எதுவும் இல்லை. ஸ்கேன் செயலியைத் தயாரித்தவர்களுக்குத்தான் எழுத வேண்டும். எல்டி லைப்ரரி பாத் மாறியை விட்டுவிட்டு, தங்கள் இருமக் கோப்புகளுக்குள்ளேயே ரன்பாத் என்னும் குறிப்பை ஆரிஜின் என்ற சொல்லோடு எழுதிவைக்குமாறு கேளுங்கள். அப்படிச் செய்தால் செயலி தன் இருப்பிடத்தைக் கொண்டு தன் லைப்ரரிகளைத் தானே கண்டுகொள்ளும். அது அழைக்கும் பிற செயலிகளுக்கு எதுவும் தொற்றாது. முனையத்தில் வந்த பிழைச் செய்தியைச் சொல் மாறாமல் கடிதத்தில் இணைத்து, டெபியன் 12-இல் ஓடியது 13-இல் ஓடவில்லை என்பதையும், க்வென்வியூவும் நின்றது என்பதையும் குறிப்பிடுங்கள். அவர்கள் திருத்திய பதிப்பைக் கொடுத்தால், அதை நிறுவிய பின் அமைப்புகளில் ஒக்குலரின் நேர்ப் பாதையை மீண்டும் இட்டு ஒருமுறை சோதித்துவிட்டு ஸ்கிரிப்டை நீக்கலாம்.