கன்சோல் விற்பனை எண்ணிக்கையை வைத்துப் போட்டியின் நிலையைக் கணிக்க முடியுமா?

இளவேனில் (கேள்வி):

நிறுவனங்களின் ஒவ்வொரு காலாண்டு முடிவு வெளியாகும்போதும் எந்த கன்சோல் (காணொளி விளையாட்டுக் கருவி) முந்தியது, எது பிந்தியது என்ற விவாதம் எழுகிறது. சோனியின் பிளேஸ்டேஷன் 2, விற்பனையில் 16 கோடியைத் தாண்டி நிற்கிறது. நின்டெண்டோ ஸ்விட்ச் 15 கோடியைக் கடந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமோ 2015க்குப் பிறகு எக்ஸ்பாக்ஸ் எத்தனை விற்றது என்பதை வெளியிடுவதையே நிறுத்திவிட்டது. மூவரில் ஒருவர் கணக்கே காட்டாத நிலையில், போட்டி எப்படி இருக்கிறது என்பதை எதை வைத்து மதிப்பிடுவது?

இதனோடு சேர்ந்த இன்னொரு ஐயமும் எனக்கு உண்டு. முன்பெல்லாம் கன்சோல் வெளியாகிச் சில ஆண்டுகளில் விலை இறங்கும். 2000இல் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2002இல் 199 ஆகி, 2009இல் 99 டாலருக்கே கிடைத்தது. 2020இல் 499 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5 அங்கே ஐந்தாம் ஆண்டை நெருங்கிய நிலையில் 549 டாலராக உயர்ந்தது. போட்டி தளர்ந்ததுதான் இதற்குக் காரணமா?

கணக்கன்:

முதலில், வெளியாகும் எண் எதைக் குறிக்கிறது என்று பார்க்க வேண்டும். நிதி அறிக்கைகளில் வரும் எண்ணிக்கை பெரும்பாலும் கடைகளுக்கு அனுப்பப்பட்டவற்றின் கணக்கே தவிர, வாங்கியவர் வீட்டுக்குப் போனவற்றின் கணக்கு அன்று. பல ஆண்டு மொத்தத்தில் இந்த இடைவெளி மறைந்துவிடும். ஒரு காலாண்டை மட்டும் எடுத்துக்கொண்டு வாதிடுபவரை இது எளிதாக ஏமாற்றிவிடும்.

அடுத்தது, ஒப்பிடப்படும் பொருள்கள் ஒரே தன்மை உடையவையா என்பது. பிளேஸ்டேஷன் 2 ஏறத்தாழ 13 ஆண்டுகள் உற்பத்தியில் இருந்தது. டிவிடி பார்ப்பதற்காகவே அதை வாங்கியவர்களும் ஏராளம். ஸ்விட்ச் கையில் எடுத்துச் செல்லக்கூடியது என்பதால் ஒரே குடும்பத்தில் இரண்டு, மூன்று இருப்பது இயல்பு. தொலைக்காட்சியோடு இணைத்து வீட்டுக்கு ஒன்றாக வைக்கப்படும் கன்சோலின் எண்ணிக்கையோடு இதை நேருக்கு நேர் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, விற்பனை வேறு, வருவாய் வேறு. பிளேஸ்டேஷன் 3 சுமார் 8.7 கோடியும் எக்ஸ்பாக்ஸ் 360 சுமார் 8.4 கோடியும் விற்றன என்று படிக்கும்போது இரண்டும் சமமாக ஓடியதாகத் தோன்றும். ஆனால் சோனி ஓராண்டு தாமதமாக, 499, 599 டாலர் என்ற விலையில் இறங்கியும், உற்பத்திச் செலவு அதைவிடக் கூடுதலாக இருந்ததால், விற்ற ஒவ்வொன்றிலும் தொடக்கத்தில் நட்டப்பட்டது. மைக்ரோசாஃப்டோ, பரவலாகப் பழுதான 360 கன்சோல்களின் உத்தரவாதத்தை நீட்டிப்பதற்காக 2007இல் நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டியதாயிற்று. அதே தலைமுறையில் நின்டெண்டோவின் வீ, பழைய தொழில்நுட்பத்தைக் குறைந்த செலவில் பயன்படுத்தி, கன்சோலிலேயே இலாபம் பார்த்துக்கொண்டு 10 கோடியைக் கடந்தது.

கன்சோல் என்பது சுங்கச்சாவடிக்குப் போகும் சாலை போன்றது. சாலையைப் போட்ட செலவு, அதன் வழியாக விற்கும் ஒவ்வொரு விளையாட்டிலிருந்தும் எடுக்கும் பங்கில்தான் திரும்பி வருகிறது; கன்சோலின் இணையக் கடைத்தளத்தில் விற்கும் பிற நிறுவனங்களின் விளையாட்டுகளில் அந்தப் பங்கு வழக்கமாக 30 விழுக்காடு. ஆகவே எத்தனை கன்சோல் விற்றது என்பதோடு, வாங்கியவர் அதன் பிறகு என்ன வாங்கினார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சிற்பி:

கணக்கன் விலையைப் பற்றிய கேள்வியைத் தொடாமல் விட்டுவிட்டார். என் கருத்தில் அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றுக்குப் போட்டியோடு தொடர்பே இல்லை.

முன்பு சிப்பின் அளவு சுருங்கச் சுருங்க அதன் செலவும் இறங்கியது. பிளேஸ்டேஷன் 2இன் மையச் சிப்பும் வரைகலைச் சிப்பும் முதலில் தனித்தனியாக இருந்தன. பின்னர் இரண்டும் ஒரே சிப்பாக இணைக்கப்பட்டன, பெட்டியும் மெலிந்தது, விலையும் இறங்கியது. இன்று புதிய உற்பத்தி முறைக்கு மாறினால் சிப்பு சிறியதாகிறதே ஒழிய, அதற்கேற்ப மலிவாவதில்லை. 2025இல் அமெரிக்கா விதித்த இறக்குமதி வரிகளும் இதன் மேல் சேர்ந்துகொண்டன.

இரண்டாவது காரணம் நீங்கள் ஐயப்படுவதேதான். 2002 மே மாதம் சோனி 199 டாலராகக் குறைத்ததும் மறுநாளே மைக்ரோசாஃப்டும் எக்ஸ்பாக்ஸின் விலையை அதே தொகைக்கு இறக்கியது. சில நாள்களில் நின்டெண்டோவும் தன் கேம்கியூப் கன்சோலை 149 டாலராக்கியது. 2025இல் நடந்தது இதற்கு நேர்மாறு. மே மாதம் மைக்ரோசாஃப்ட் விலையை ஏற்றியது. ஆகஸ்டில் நின்டெண்டோ பழைய ஸ்விட்சின் விலையையும் சோனி பிளேஸ்டேஷன் 5இன் விலையையும் அமெரிக்காவில் ஏற்றின. அக்டோபரில் அங்கே மைக்ரோசாஃப்ட் மறுபடியும் ஏற்றியது. மற்றவர் ஏற்றும்போது நாம் ஏற்றாமல் இருந்து வாடிக்கையாளரை இழுத்துக்கொள்வோம் என்று மூவரில் ஒருவரும் முனையவில்லை. செலவு எல்லோருக்கும் கூடியது உண்மைதான். ஆயினும் நட்டத்தைத் தாங்கியாவது இடத்தைப் பிடிக்க வேண்டும் என்ற அந்தப் பழைய வேட்கை இருந்திருந்தால், ஒருவராவது பொறுத்திருப்பார் என்றே நான் நம்புகிறேன். வாங்குபவர்களுக்கு இது நல்ல காலம் அன்று.

நெய்தல்:

சிற்பி சொன்ன வேட்கை ஏன் வற்றியது என்பதற்கு என் விளக்கத்தைச் சேர்க்கிறேன். 2013இல் பிளேஸ்டேஷன் 4, 399 டாலருக்கும், உடல் அசைவை உணரும் கினெக்ட் கருவியோடு சேர்த்து எக்ஸ்பாக்ஸ் ஒன் 499 டாலருக்கும் வந்தன. அந்தத் தலைமுறையில்தான் பலரும் குறுந்தகட்டை விட்டுவிட்டு, விளையாட்டுகளை இணையத்தில் வாங்கித் தம் கணக்கில் சேர்க்கத் தொடங்கினார்கள். அப்படிச் சேர்ந்த தொகுப்பை விட்டுவிட்டு அடுத்த தலைமுறையில் வேறு நிறுவனத்துக்கு மாற யாருக்கும் மனம் வராது. தோற்கவே கூடாத தலைமுறையில் தோற்றுவிட்டோம் என்ற பொருளில் எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவராக இருந்த ஃபில் ஸ்பென்சரே 2023இல் வெளிப்படையாகப் பேசினார். அதே ஆண்டு விளையாட்டுத் தயாரிப்பு நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிசார்டை 6,870 கோடி டாலர் மதிப்பில் வாங்கிய மைக்ரோசாஃப்ட், தன் விளையாட்டுகளைப் போட்டியாளரின் கன்சோலிலும் விற்கும் பாதைக்கு வந்துவிட்டது. அதன் ஃபோர்சா ஹொரைசன் 5 விளையாட்டு, 2025 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 5இல் வெளியானது. ஆகவே அவர்கள் எண்ணிக்கையை மறைக்கிறார்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட முடியாது. அந்த எண்ணிக்கையால் அளக்கப்படும் வணிகத்திலிருந்தே அவர்கள் மெல்ல விலகுகிறார்கள்.

நின்டெண்டோவின் நிலை முற்றிலும் வேறு. ஸ்விட்சுக்கு முன் வந்த அதன் வீ யூ கன்சோல் வெறும் 1.36 கோடிதான் விற்றது. அதில் 2014இல் வந்த மாரியோ கார்ட் 8 விளையாட்டு 80 லட்சத்துக்கு மேல் பிரதிகள் போயிற்று. ஏறக்குறைய அதே விளையாட்டு, சில சேர்க்கைகளோடு 2017இல் ஸ்விட்சுக்கு வந்தபோது 6 கோடியைத் தாண்டியது. விளையாட்டு நன்றாக இருந்தும், அதைத் தாங்கும் கருவி மக்களுக்குப் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. எனவே கன்சோல் எண்ணிக்கையைப் பொருளற்றது என்று தள்ளிவிடவும் கூடாது.

இளவேனில்:

மூவருக்கும் நன்றி. அப்படியானால், கன்சோல் எண்ணிக்கையோடு வேறு எந்தக் கணக்கைச் சேர்த்துப் பார்ப்பது பயன் தரும்?

கணக்கன்:

இரண்டைச் சொல்வேன். ஒன்று, கன்சோலுக்கு எத்தனை விளையாட்டுகள் விற்றன என்பது. ஸ்விட்சுக்கு ஏறத்தாழ ஒன்பது. வீ யூவுக்கும் ஏழுக்கு மேல் உண்டு. வீ யூவை வாங்கியவர்கள் அதைத் தூக்கி மூலையில் வைத்துவிடவில்லை, வாங்க வந்தவர்கள்தான் குறைவு என்பது இந்த ஒரு கணக்கிலேயே விளங்கிவிடும்.

மற்றொன்று, மாதந்தோறும் விளையாடுவோர் எண்ணிக்கை. 2024 வசந்தத்தில் சோனி வெளியிட்ட விவரத்தின்படி பிளேஸ்டேஷன் 4இலும் 5இலும் மாதம் விளையாடியவர்கள் கிட்டத்தட்டச் சரிபாதி, ஒவ்வொன்றிலும் சுமார் 4.9 கோடிப் பேர். புதிய கன்சோல் வந்து மூன்றரை ஆண்டுகள் ஆன பிறகும் பாதிப்பேர் பழையதிலேயே நிறைவாக இருந்தார்கள். பிளேஸ்டேஷன் 5க்கு எக்ஸ்பாக்ஸை விடக் கடுமையான போட்டியாக பிளேஸ்டேஷன் 4தான் இருந்திருக்கிறது. அவர்களைப் புதியதற்கு இழுக்க வேண்டிய நேரத்தில் விலையை ஏற்றியது பிழையான முடிவு என்பதே என் கருத்து.