புதுப்பிப்பு: கிரைண்டரைத் தொட்டால் ஷாக் – சரியாகிவிட்டது

டேபிள் டாப் கிரைண்டரின் பாடியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"மோட்டாரைக் கழற்றாதீர்கள், முதலில் ஒயரைப் பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் லைவ் பின்னிலும் மறுமுனையைப் பாடியிலும் வைத்தேன். சும்மா இருந்தபோது ஒன்றுமில்லை. ஒயரை அசைத்ததும் பீப்! அதாவது, லைவ் ஒயர் எங்கோ பாடியைத் தொடுகிறது. அடிமூடியைத் திறந்தால், ஒயர் உள்ளே நுழையும் இடத்து ரப்பர் புஷ் (ஒயர் தகரத்தில் உரசாமல் காக்கும் வளையம்) காய்ந்து நொறுங்கியிருந்தது. தகரத்தின் விளிம்பு பிரவுன் (லைவ்) ஒயரின் மேலுறையை அறுத்து, செம்பு பளபளவென்று தெரிந்தது. டேப் சுற்றாமல் முழு ஒயரையும் மாற்றினேன்: 3 கோர், 1 சதுர மி.மீ., புது புஷ், கிளாம்ப். பச்சை எர்த் ஒயரை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விட்டேன். இழுபட்டாலும் அதுதான் கடைசியில் கழல வேண்டும்.

எதிர்பாராதது ஒன்று. எர்த் இருந்தால் பியூஸ் போயிருக்குமே, ஷாக் ஏன் என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தால், சமையலறை சாக்கெட்டில் எர்த் ஒயரே இணைக்கப்படவில்லை! அதை இணைத்து, மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டார். அப்புறம்தான் மாவு அரைத்தோம். மோட்டாருக்கு ஒன்றும் இல்லை.