ரெண்டரிங் ஓடும்போது பில் போட முடியவில்லை

கேள்வி: வடபழனியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். நாலு கோர் (செயலியில் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) உள்ள லினக்ஸ் கணினி. ரெண்டரிங் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் வேலை) ஓடும்போது பில் தட்டினால் இரண்டு நொடி கழித்துத்தான் எழுத்து விழுகிறது. வாடிக்கையாளர் எதிரிலேயே நிற்கிறார். என்ன வழி?

பதில்: ரெண்டரிங்கை நைஸ் 19-இல் ஓட்டுங்கள் அண்ணா. நைஸ் என்பது லினக்ஸில் ஒரு நிரலின் முன்னுரிமையைச் சொல்லும் எண். அளவு -20 முதல் 19 வரை. எண் கூடக்கூட முன்னுரிமை குறையும். சாதாரண நிரலின் எடை (செயலி நேரத்தில் அதன் பங்கைத் தீர்மானிக்கும் எண்) 1024, நைஸ் 19-க்கு வெறும் 15. ஒரே கோருக்குப் போட்டி வந்தால் பில்லுக்குத்தான் ஏறக்குறைய எல்லா நேரமும். நீங்கள் தட்டாதபோது கோர் முழுதும் ரெண்டரிங்குக்கே, அதனால் வேலை பெரிதாகத் தாமதமாகாது.

இன்னொருவர்: மெமரியையும் பாருங்கள். மெமரி போதாமல் ஸ்வாப்புக்கு (மெமரிக்குப் பதிலாகப் பயன்படும் டிஸ்க் இடம்) போய்விட்டால் நைஸ் உதவாது.

கேட்டவர்: மெமரி போதுமாக இருக்கிறது. நைஸ் போட்டதும் எழுத்து உடனே விழுகிறது. ரொம்ப நன்றி தம்பி.